பெர்சபோனியா, சர்சியா? அம்மாவும் மகளும் சேர்ந்து வாசிக்க ஒரு யவனக் காதல் கதை

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர். மதுரை நரிமேட்டில், என் வீட்டு மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுகிறோம். கல்லூரியில் படிக்கும் பெண்கள் நால்வர், அவர்களில் மூவரின் அம்மாக்கள், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, நான். இதுவரை தமிழ் நாவல்களையே வாசித்து வந்தோம். இந்த முறை ஓர் ஆங்கில நாவல் வேண்டும் என்று இளம்பெண்கள் கேட்டார்கள். அதுவும் கிரேக்கத் தொன்மத்தை இன்றைய காதல் கதையாகத் திருப்பிச் சொல்லும் நாவல். என் அண்ணன் மகள் ‘லோர் ஒலிம்பஸ்’ படக்கதை முழுவதையும் கைப்பேசியிலேயே படித்து முடித்தவள். “ஹேடிஸ், பெர்சபோனி கதைதான் வேண்டும், அத்தை” என்று உறுதியாக நின்றாள். அவளுடைய தோழிக்கு டிராய்ப் போரின் வீரன் அகிலிஸ் கதை வேண்டும். அம்மாக்களுக்கு எதுவானாலும் சரி, ஆனால் மகளோடு உட்கார்ந்து பேசக்கூடியதாக இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆறு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு கோடை முழுவதும் வாசித்தேன்.

முதலில் ஒரு சொல். கிரேக்கக் கதை நமக்கு எங்கோ இருக்கும் கதை என்று எங்கள் வட்டத்திலேயே ஒருவர் தயங்கினார். மதுரைக்காரர்கள் அப்படித் தயங்க வேண்டியதில்லை. கிரேக்கரையும் ரோமரையும் நம் முன்னோர் யவனர் என்றார்கள். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணம் கமழும் தேறலைப் பருகி மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. கோவலன் மதுரைக்குள் நுழைகிறபோது கோட்டை வாயிலில் வாளோடு காவல் நிற்பவர்கள் யவனர்கள், சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கதை உண்டு. கி.மு. 300 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய கிரேக்கர் மெகஸ்தனிஸ் சொன்னதாகப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் அரியன் குறித்துவைத்திருப்பது இது: வீரன் ஹெராக்ளிஸுக்கு ஒரே மகள், பெயர் பாண்டையா, அவள் பிறந்த நாட்டையே அவளுக்கு ஆளக் கொடுத்தான், கூடவே 500 யானைகள், 4,000 குதிரைகள், 1,30,000 காலாட்கள். மகன் இல்லாத அரசனின் மகளாக வேள்வித் தீயில் தோன்றி முடிசூடிய தடாதகையின், அதாவது மீனாட்சியின், ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, யவனக் கதை அயலூர்க் கதையாக எனக்குத் தோன்றவில்லை.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன். ஹேடிஸ், பெர்சபோனி காதல் கதைகளை எடைபோட வேண்டுமானால் மூலக்கதை தெரிந்திருக்க வேண்டும். பண்டைக் கிரேக்கக் கவி ஹோமர் பெயரில் வழங்கும் துதிப்பாடல்களில் டிமீட்டர் துதி என்று ஒன்று இருக்கிறது. டிமீட்டர் விளைச்சலின் தெய்வம், பெர்சபோனியின் தாய். 495 வரிகள். ஒரே மாலையில் வாசித்துவிடலாம். மகள் பெர்சபோனி தோழிகளோடு பூப்பறிக்கப் போகிறாள். அவளை ஏமாற்றவே முளைக்க வைத்த ஒரு நார்சிசஸ் பூவை நோக்கிக் கை நீட்டுகிறாள். நிலம் பிளக்கிறது. பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் தேரில் வந்து தூக்கிக்கொண்டு போகிறான். இதற்குச் சம்மதம் கொடுத்தவன் பெற்ற தகப்பன், தேவர்களின் அரசன் ஜீயஸ். தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிமீட்டர் உண்ணாமல், நீராடாமல், கையில் பந்தங்களோடு ஒன்பது நாட்கள் மகளைத் தேடி அலைகிறாள். நடந்ததைக் கண்ணால் கண்டவன் சூரியன் ஹீலியஸ். அவன் உண்மையைச் சொல்கிறான். கூடவே ஓர் ஆறுதலும் சொல்கிறான். அழுகையை நிறுத்து, மாப்பிள்ளை உனக்குத் தகாதவன் இல்லை, உன் உடன்பிறந்தவன்தான், உலகத்தைப் பங்கிட்டபோது மூன்றில் ஒரு பங்கு பெற்றவன் என்கிறான். இந்த இடத்தை நான் வாசித்துக் காட்டியபோது என் அண்ணி மெதுவாகச் சொன்னார்: “நல்ல இடம், சொந்தத்திலேயே மாப்பிள்ளை, ஏன் அழுகிறாய் என்று எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள்.” மாடியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அதன்பின் டிமீட்டர் கிழவி வேடத்தில் எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் போய் உட்கார்கிறாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அம்மன் கிழவியாக வந்து திண்ணையில் உட்கார்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. அவளுடைய துயரத்தில் விதை முளைக்காமல் போகிறது, பஞ்சம் வருகிறது, தேவர்களுக்குப் படையல் நின்றுபோகிறது. அப்போதுதான் ஜீயஸ் இறங்கி வருகிறான். மகள் திரும்பி வருகிறாள், ஆனால் மாதுளை விதையை உண்டுவிட்டதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைக் கணவனிடமும் மீதியைத் தாயிடமும் கழிக்க வேண்டும். அந்த விதையை அவன் வலிந்து உண்ண வைத்தான் என்று அவளே தாயிடம் சொல்கிறாள். ஏறத்தாழ அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கழித்து ரோமக் கவிஞர் ஓவிட் இதே கதையைச் சொல்லும்போது அவளே மாதுளையைப் பறித்து ஏழு விதைகளை உண்கிறாள். ஆண்டும் பாதிக்குப் பாதியாகப் பிரிகிறது. ஆக, இந்தக் கதையை மாற்றிச் சொல்வது இன்று தொடங்கியது அன்று.

மூன்றில் ஒரு பங்கு என்றால் நான்கு மாதம். சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ஆவணி வரை நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டம். மீதி எட்டு மாதம் அவர் ஆட்சி. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தெய்வப் பெண்ணின் ஆண்டை நான்கும் எட்டுமாகப் பிரித்து இரு ஊர்கள் எண்ணிப் பார்த்திருக்கின்றன. அங்கே அந்த நான்கு மாதம் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் காலம். இங்கே அது அவள் செங்கோல் பிடிக்கும் காலம். இன்றைய பெர்சபோனி நாவல்கள் செய்ய விரும்புவது இந்த மாற்றத்தைத்தான் என்று வாசிக்க வாசிக்கப் புரிந்தது: கடத்திச் செல்லப்பட்டவளைப் பாதாளத்தின் அரசியாக்குவது, அவள் தானே விரும்பிப் போனதாகச் சொல்வது. விருப்பம் நல்லது. எந்தப் புத்தகம் அதை எப்படிச் செய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஸ்கார்லெட் செயின்ட் கிளேர் எழுதிய ‘எ டச் ஆஃப் டார்க்னஸ்’ 2019இல் வந்தது. இன்றைய நகரம் போன்ற ஓர் ஊரில் தேவர்கள் பணக்காரப் பிரபலங்களாக வாழ்கிறார்கள். வசந்தத்தின் தேவதையான பெர்சபோனி தொட்ட பூவெல்லாம் வாடுகிறது. இந்த ஒரு கற்பனைக்காகவே புத்தகத்தை எனக்குப் பிடித்தது. மனிதப் பெண்ணாக வேடமிட்டு இதழியல் படிக்கும் அவள், ஹேடிஸின் கேளிக்கை விடுதியில் சீட்டாடித் தோற்கிறாள்; பாதாளத்தில் ஆறு மாதத்துக்குள் உயிரை விளைவிக்க வேண்டும், இல்லையேல் அங்கேயே இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்கிறாள். வேகமாக ஓடும் கதை, எளிய ஆங்கிலம். கேட்டீ ராபர்ட்டின் ‘நியான் காட்ஸ்’ (2021) இன்னும் இன்றைய காலத்தது. அதில் தேவர்களின் மலையான ஒலிம்பஸ் ஒரு நகரம். ஜீயஸ் என்பது ஒரு பதவி. அவனோடு நிச்சயம் செய்யப்பட்டதும் பெர்சபோனி தப்பி ஓடி ஸ்டிக்ஸ் ஆற்றைக் கடந்து கீழ்நகருக்குப் போகிறாள். இங்கே கடத்தல் கிடையாது. அடைக்கலம் தேடி அவளே போகிறாள். நிபந்தனைகளை அவளே பேசுகிறாள். காதலர் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டே நெருங்குகிறார்கள். மூலக்கதையில் இல்லாத சம்மதத்தை மிகத் தெளிவாக எழுதிய புத்தகம் இதுதான்.

இரண்டிலும் படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே உண்டு. ‘நியான் காட்ஸ்’ இதில் இன்னும் பல படி முன்னே போகும். வயது வந்த ஒருவர் தன் அறையில் தனியாக வாசிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. காதல் நாவலில் உடல் வரக் கூடாது என்று சங்கப் பாட்டு வாசித்த யாரும் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகப் பேசும் கூட்டத்துக்கு இவை ஒத்துவராது.

எனக்கு இவற்றின்மீது இருக்கும் மனக்குறை வேறு. மகளுக்கு விருப்பத்தைக் கொடுப்பதற்காக இந்தக் கதைகள் தாயைப் பலிகொடுக்கின்றன. ‘எ டச் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் டிமீட்டர் மகளைக் கண்ணாடி வீட்டுச் செடிபோல அடைத்து வளர்த்தவள். ‘நியான் காட்ஸ்’ நாவலில் ஜீயஸோடு அந்த நிச்சயத்தை முடித்து வைப்பவளே அவள்தான். மூலத்தில் தகப்பன் செய்த காரியத்தைத் தாயின் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஒன்பது நாள் பட்டினியோடு அலைந்தவள், ஒரு வயலைக்கூட முளைக்கவிடாமல் உலகத்தையே நிறுத்தி மகளை மீட்டவள், இங்கே மகளின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் பெண்ணாகக் குறுகிவிட்டாள். ஒரு பெண்ணின் துயரம் ஒரு நகரத்தையே எரிக்கும் என்று நம்பும் ஊர் இது. அந்தத் துயரத்தைக் கழித்துவிட்டு எழுதிய பெர்சபோனி கதையில் பாதிதான் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அம்மாவின் கட்டுப்பாட்டை மீறத் துடிக்கும் இருபது வயதுக்கு இந்தக் கதை ஏன் இனிக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அந்தத் துடிப்பு உண்மையானது.

‘லோர் ஒலிம்பஸ்’ பற்றி அண்ணன் மகளோடு நீண்ட நேரம் பேசினேன். நியூசிலாந்தைச் சேர்ந்த ரேச்சல் ஸ்மைத் 2018 முதல் 2024 வரை இணையத்தில் தொடராக வரைந்தது. 2022இல் படக்கதைகளுக்கான ஐஸ்னர் விருது பெற்றது. அச்சுப் புத்தகங்களாகவும் கிடைக்கிறது. நீல நிற ஹேடிஸும் இளஞ்சிவப்புப் பெர்சபோனியும் பக்கத்தில் வரும்போதே கண்ணுக்கு விருந்து. பெர்சபோனி ஒரு வன்முறைக்கு ஆளாவதும் அதை அவள் வெளியே சொல்ல எடுத்துக்கொள்ளும் காலமும் அதில் பொறுப்போடு சொல்லப்படுகின்றன. நான் சொல்லும் தாய்க் குறை இதிலும் உண்டு, சற்றுக் குறைவாக. நாவல் வேண்டும் என்று கூடிய கூட்டத்துக்கு இது வெளியே நிற்கிறது. ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தயங்குகிறவர்கள் இதில் தொடங்கலாம். உரையாடல் குறைவு, மீதியைப் படம் சொல்லிவிடும்.

ஜெனிபர் செயின்ட்டின் ‘அரியாட்னி’ (2021) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காளைத்தலை அரக்கன் மினோடாரைக் கொல்ல வீரன் தீசியஸுக்கு வழிகாட்டியவள் அரியாட்னி. அவளை நாக்சஸ் தீவில் தூங்கும்போதே விட்டுப் போனவன் அவன். அந்தக் கதையை அரியாட்னியும் அவள் தங்கை பீட்ராவும் மாறி மாறிச் சொல்கிறார்கள். அக்கா தங்கை பாசம் நன்றாக வந்திருக்கிறது. வீரனின் புகழுக்குப் பெண்கள் கொடுக்கும் விலை என்ற கருத்தை ஆசிரியர் அடிக்கடி வெளிப்படையாகவே சொல்லிவிடுவதால், கதை தானாகச் சொல்ல வேண்டியது மங்கிப்போகிறது. காதல் நாவல் தேடி வருபவர்கள் மதுவின் தெய்வம் டயோனைசஸ் வரும் பகுதியில் மகிழ்வார்கள்; முடிவில் வருந்துவார்கள். இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் மேசைமேல் நின்றவை இரண்டு. இரண்டும் மேடலின் மில்லர் எழுதியவை. லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த ஆசிரியை அவர். ‘தி சாங் ஆஃப் அகிலிஸ்’ நாவலை எழுதப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 2011இல் வந்து, பெண் எழுத்தாளர்களின் நாவல்களுக்கான ஆரஞ்சு பரிசை 2012இல் பெற்றது. பட்ரோக்ளஸ் சொல்வதாக அமைந்த கதை. நாடு கடத்தப்பட்ட, யாருக்கும் வேண்டாத ஒரு சிறுவன், தெய்வத்தாய்க்குப் பிறந்த அகிலிஸின் வீட்டுக்கு வருகிறான். இருவரும் சேர்ந்து வளர்கிறார்கள், காதலிக்கிறார்கள், டிராய்ப் போருக்குப் போகிறார்கள். ஹோமர் அவர்களைக் காதலர் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் இறந்த பட்ரோக்ளஸ் அகிலிஸின் கனவில் வந்து நம் இருவர் எலும்பும் ஒரே கலத்தில் இருக்கட்டும் என்று கேட்கும் இடம் அவருடைய டிராய்ப் போர்க் காவியமான இலியட்டில் இருக்கிறது. பின்னால் வந்த கிரேக்கர்களில் ஈஸ்கிலஸ் போன்றவர்கள் அவர்களைக் காதலராகவே எழுதினார்கள். மில்லர் அந்த ஒரு கலத்தை நோக்கியே முழு நாவலையும் நடத்திச் செல்கிறார்.

வாசிக்கும்போது எனக்குப் பிசிராந்தையார் நினைவுக்கு வந்தார். பாண்டி நாட்டுப் பிசிரைச் சேர்ந்த புலவர்; கோப்பெருஞ்சோழனை நேரில் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்தபோது, அவர் வருவார், அவருக்கு இடம் விட்டு வையுங்கள் என்றான், அவரும் வந்தார். அது நட்பு, இது காதல். ஆனாலும் சாவில் பக்கத்தில் ஓர் இடம் கேட்கிற அந்த மனம் ஒன்றுதான்.

இந்தப் பட்டியலில் காதல் கதை என்ற அளவில் மிகச் சிறந்தது இதுவே. சந்தேகமே இல்லை. தாயும் இங்கே இருக்கிறாள்: கடல் தெய்வம் தீட்டிஸ், மகனின் காதலை வெறுப்பவள், கடுமையானவள். ஆனால் நூலாசிரியை அவளைக் கைவிடவில்லை. கடைசிப் பக்கங்களில் அவளுக்கும் வாய் திறக்க இடம் கொடுக்கிறார். அந்தப் பக்கங்களை மூன்று முறை வாசித்தேன். பிறகு ஏன் இதை முதலில் எடுக்கவில்லை? போர்க்கூடாரத்துப் பெண்கள் இதில் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். சிறைபிடிக்கப்பட்ட பிரிசியிஸ் அன்பாகவே நடத்தப்படுகிறாள். அவள் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள, அவளே கதை சொல்லும் பாட் பார்க்கரின் ‘தி சைலன்ஸ் ஆஃப் த கேர்ல்ஸ்’ (2018) நாவலைத் தேடிப் போக வேண்டும். அது காதல் கதையே இல்லை. இந்தத் தேர்வில் சேராது. ஆனால் அகிலிஸை வாசித்து முடித்தவர்கள் அடுத்து அதைத்தான் வாசிக்க வேண்டும் என்பேன்.

‘சர்சி’ 2018இல் வந்தது. இதிலும் ஹீலியஸ் வருகிறான். தாயிடம் “நல்ல மாப்பிள்ளைதானே” என்று சொன்ன அதே சூரியன், இங்கே தகப்பன். அவன் பெற்ற மகள்களில் அழகும் மதிப்பும் குறைந்தவள் என்று ஒதுக்கப்பட்டவள் சர்சி. மனிதக் குரலில் பேசும் தெய்வம் என்று ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசி அவளைச் சொல்கிறது. மில்லர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மற்றத் தேவர்கள் வெறுக்கும் மெல்லிய குரலை அவளுக்குக் கொடுக்கிறார். காதலித்த மீனவனைத் தேவனாக்குகிறாள். அவன் வேறொருத்தியை விரும்பியதும் பொறாமையில் அவளை ஸ்கில்லா என்னும் கடல் அரக்கியாக்கிவிடுகிறாள். தண்டனையாக அயேயா தீவில் தனிமை. மூலிகை கற்கிறாள். ஒடிசியில் பத்தாம் காண்டத்தில் வந்து ஆட்களைப் பன்றியாக்கிவிட்டு நகர்ந்துபோகும் மந்திரக்காரிக்கு இங்கே ஒரு முழு வாழ்க்கை கிடைக்கிறது. அவள் ஏன் ஆட்களைப் பன்றியாக்கினாள் என்பதற்கு ஹோமர் காரணம் சொல்லவில்லை, மில்லர் சொல்கிறார். அது வலிமிகுந்த பகுதி. கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

காதல் இதில் குறைவில்லை. பல காதல்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் அவளை ஒவ்வொரு விதமாக வளர்க்கிறது. கைவினைஞன் டெடலஸோடு அவளுக்கு அமையும் சிறு நேரம், டிராயிலிருந்து வீடு திரும்பும் வீரன் ஒடீசியஸ் தங்கிப்போகும் காலம், அதன்பின் வருவது. முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு இந்த நாவல் அவள் தாயாகும் இடத்தில்தான் உயிர்பெற்றது. பச்சைக் குழந்தை இரவும் பகலும் கத்துகிறது. உதவிக்கு ஒருவரும் இல்லை. சாகாத தெய்வமான அவள் தூக்கமின்றித் தடுமாறுகிறாள். மகனைக் கொல்லக் காத்திருக்கும் பெண் தெய்வம் ஆதீனாவை எதிர்த்துத் தீவைச் சுற்றி மந்திர வேலி போட்டு ஆண்டுக்கணக்கில் காவல் நிற்கிறாள். பிறகு மகன் வளர்ந்து, போக வேண்டும் என்கிறான். பிடித்து வைக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அவள் நிற்கும் அந்தப் பக்கங்களை, கல்லூரி விடுதிக்கு மகளை அனுப்பிய எந்த அம்மாவும் நிதானமாகத்தான் வாசிப்பார். டிமீட்டரிடமிருந்து அந்த நாவல்கள் பிடுங்கியதை இந்த நாவல் வேறொரு தாயிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மகளாக அவமதிக்கப்பட்டதும் தாயாகத் தவித்ததும் ஒரே பெண்ணின் வாயிலிருந்து வருவதால், எங்கள் மாடியில் இரண்டு தலைமுறைக்கும் பேச இடம் இருக்கும்.

குறையும் உண்டு. நடுப்பகுதி மெதுவாக நகரும். தீவில் ஆண்டுகள் கழிவது வாசிப்பவருக்கும் கழியும். ‘எ டச் ஆஃப் டார்க்னஸ்’ போல ஒரே இரவில் முடிக்க முடியாது. நடை பழமையான அழகுடையது, அகராதி பக்கத்தில் இருந்தால் நல்லது. கிரேக்கப் பெயர்கள் முதல் ஐம்பது பக்கம் குழப்பும். நாங்கள் ஒரு வம்சாவளித் தாள் வரைந்து சுவரில் ஒட்டப் போகிறோம்.

ஆகவே எங்கள் தேர்வு ‘சர்சி’. எங்களைப்போல் இல்லாதவர்களுக்கு என் சொல் வேறாக இருக்கும். தனியாக வாசிப்பவர், காதல் ஒன்றே போதும், அழவும் தயார் என்றால் அகிலிஸ். கடினமான வாரத்தின் முடிவில் வேகமான, இனிமையாக முடியும் கதை வேண்டும், வயதும் பதினெட்டைத் தாண்டிவிட்டது என்றால் ‘நியான் காட்ஸ்’. இரண்டு ஹேடிஸ் நாவல்களில் அதுவே நேர்மையானது. வாங்கும்முன் சில பக்கங்கள் புரட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் ஆங்கிலப் பிரிவில் முதலில் தேடிப் பார்க்கலாம்.

அண்ணன் மகள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். சர்சியைத் தொடங்கும் முன் ஒரு ஞாயிறு முழுவதும் பெர்சபோனிக்கு வேண்டும் என்றாள். கொடுத்துவிட்டோம். டிமீட்டர் துதியை ஆங்கிலத்தில் அவள் வாசிப்பாள். கிணற்றடிப் பகுதியை மட்டும் அண்ணி தமிழில் சொல்லுவார். அண்ணி அதற்காக இரண்டு வாரமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.